அத்தானின் வீட்டுக்கு ஆயிரம் குறை

சுவிஸுக்குப் போகிறேன் என்றதும் கோண்டாவில் சந்தியில் நின்ற அத்தனை பேரும் சொக்கலேட் கேட்டார்கள். ஒருத்தன் மட்டும் கைக்கடிகாரம் கேட்டான். அவனுக்கு எப்போதும் ஆசை கொஞ்சம் கூட. நான் போவது மலை பார்க்க இல்லை, ஆளில்லாத வீடு ஒன்றை விற்றுக் கொடுக்க என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்தே வயிறு வெடித்திருப்பார்கள். பிறகு சொக்கலேட் தின்ன ஆள் இருந்திருக்காது.

என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கணிதமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்து, சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். இப்போது யாழ்ப்பாண ரவுனில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். பழைய போனைத் துடைத்து மினுக்கி, அந்தப் போனே வெட்கப்படும் அளவுக்குப் புகழ்ந்து விற்பேன். இந்த வாயை நம்பித்தான் அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"சீலன், உன்ர வாய்க்கு இஞ்ச ஒரு வேலை இருக்கு. கெதியா வா."

அத்தான் என்றால் என் அக்கா மாலினியின் கணவர். பெயர் குகன். பாசலுக்குப் பக்கத்தில், மேட்டில் இருக்கிற ஒரு கிராமத்தில் வீடு வாங்கி வெகுகாலம் இருந்தார்கள். பிறகு அக்காவுக்கு வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அத்தானுக்கும் அங்கேயே ஒரு தொழிற்சாலைச் சமையலறையில் இடம் கிடைத்தது. மகள் ஏற்கெனவே படிக்கவென்று வேறு ஊருக்குப் போய்விட்டதால், இரண்டு பேரும் வின்டர்தூரில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோனார்கள். பாசல் வீடு வசந்த காலம் தொடக்கம் சும்மா கிடக்கிறது.

சும்மா கிடக்கிறது என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. எங்கள் ஊரில் வீடு பூட்டிக் கிடந்தால் பல்லி முட்டை போடும், பக்கத்து வீட்டுக்காரர் தேங்காய் பொறுக்குவார், அவ்வளவுதான் செலவு. சுவிஸில் பூட்டிக் கிடக்கிற வீடு சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். வங்கிக்கு வட்டி, காப்புறுதி, தண்ணீர், கூரை மழைநீர்ப் பீலி துப்பரவு, புல்வெட்டு. சொந்த வீடு வைத்திருந்தால், தனக்குத்தானே வாடகை கொடுத்த மாதிரி நினைத்து அதற்கும் அரசாங்கத்துக்கு வரி கட்டவேண்டுமாம். இதை அத்தான் சொன்னபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தத் தீனிக்காக அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சூரிச்சில் கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள், துப்பரவு செய்யப் போகத் தொடங்கினார். கிழமை முழுக்கச் சட்டி, ஞாயிற்றுக்கிழமை தும்புத்தடி. இனி வரப்போவதுதான் பெரிய பயம். வீட்டின் நிலவறையில் எண்ணெய்த் தாங்கி ஒன்று இருக்கிறது. குளிருக்கு வீட்டைச் சூடாக்க அதில் எண்ணெய் வேண்டும். சூடாக்காவிட்டால் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும். தாங்கி அடிமட்டத்தில் நிற்கிறது. குளிர் வர முன்னம் வீடு விலைப்படவில்லை என்றால் தாங்கியை நிரப்ப வேண்டும், அதற்கு அத்தான் சனிக்கிழமையையும் விற்க வேண்டும்.

நான் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா விமான நிலையத்தில் ஒரு தடித்த ஜாக்கெட்டோடு நின்றாள். கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள் என்று பார்த்தால், முதலில் ஜாக்கெட்டுக்குள் என்னைத் திணித்து சிப்பை இழுத்துவிட்டுத்தான் கொஞ்சினாள். அங்கிருந்து நேரே சூரிச், லாங்ஸ்திராச என்கிற தெருப் பக்கம். தமிழ்க் கடைகளைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே முருங்கைக்காய், அதே கருவாடு.

ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டு இருந்தோம். அத்தான் வேலை முடிந்து வந்தார். சட்டையில் எலுமிச்சை மணக்கிற துப்பரவுத் தண்ணீர் வாசம். என் தோளில் தட்டி, "வந்திட்டியோ, வாய்க்காரன்" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் மென்றுகொண்டிருக்கும்போதே கண் மூடிவிட்டது.

"அக்கா, அத்தான் கும்பிடுறாரோ?"

"நித்திரையடா," என்றாள் அக்கா. கரண்டியை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துத் தட்டில் வைத்தாள். "இந்த மனுசனுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒண்டு இருந்ததே மறந்துபோச்சு."

அன்றைக்கு நான் அதற்கு மேல் பகிடி விடவில்லை. கொத்துரொட்டி நல்ல உறைப்பு என்பதும் ஒரு காரணம்.

மறுநாள் என்னைத் தனியாகப் பாசலுக்கு அனுப்பினார்கள். திட்டம் இதுதான்: நான் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும். யன்னல் திறக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும், புல்லு வெட்ட வேண்டும், வீட்டில் ஆள் நடமாட்டம் உண்டு என்று காட்ட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் நான் வீட்டுக்கு உயிர்.

ரயிலில் நல்ல இருக்கை பார்த்து அமர்ந்து, ஊருக்குப் போன் எடுத்து, இங்கே மாடெல்லாம் மணி கட்டிக்கொண்டு திரியுது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மா யன்னலைச் சுட்டிக் காட்டினார். ஏதோ மலையைக் காட்டுகிறார் என்று நினைத்து, நானும் தலையாட்டி ரசித்தேன். அவர் திரும்பவும் சுட்டினார். அங்கே கண்ணாடியில் ஒரு படம் ஒட்டியிருந்தது. உதட்டில் விரல் வைத்த முகம். அது சத்தம் போடக் கூடாத பெட்டியாம். அப்படி ஒரு பெட்டி எங்கள் யாழ்தேவியில் இருந்தால் அதில் இஞ்சின் கூட ஏறாது.

பாசலில் டிராம் எடுத்து, பிறகு மஞ்சள் நிறத் தபால் பஸ் எடுத்தேன். மேட்டில் வளைந்து வளைந்து ஏறியது. என் தரிப்பிடம் வருவதும் தெரிந்தது, போவதும் தெரிந்தது. பஸ் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன்.

"இறக்கம்!"

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. இரண்டாவது தரம் இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். சாரதி அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தி, கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டி, ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அடுத்த முறை அதை அழுத்துங்கள். பாட்டு வேண்டாம்." மாடுகளுக்கு நடுவே திரும்பி நடந்து வந்தேன்.

வீட்டைப் பார்த்ததும் வாய் திறந்து நின்றேன். இரண்டு மாடி, சிவப்பு ஓடு, முன்னால் ஒரு அப்பிள் மரம். குசினி யன்னலில் நின்றால் பிரான்ஸ் நாட்டு மலை தெரிகிறது. ஒரே குறை மதில் இல்லை. மதிலும் கேற்றும் இல்லாத ஒன்றை எப்படி வீடு என்று சொல்லி விற்பது? எங்கள் ஊரில் முதலில் மதிலைக் கட்டி, கைக்காசு முடிந்தபிறகுதான் வீட்டைப் பற்றி யோசிப்போம்.

உள்ளே ஒரு மெத்தை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு சட்டி. கதைத்தால் எதிரொலிக்கும். முதல் நாள் முழுக்க அறை அறையாகப் போய், "ஆர் உள்ள? ஆர் உள்ள?" என்று கூப்பிட்டு விளையாடினேன்.

அடுத்த நாள் மத்தியானம் உற்சாகத்தோடு புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பினேன். உடனே பக்கத்து வீட்டுக் கிழவர், வாய் துடைக்கிற துண்டோடு, வேலிச் செடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்து, கைக்கடிகாரத்தைக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊரே சத்தமில்லாமல் இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போத்தல் கூட எறியக்கூடாதாம், கிலுங்குமாம். எங்கள் ஊரில் மத்தியானம்தான் கோயில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஊரை அதிகாரம் பண்ணுகிற எங்கள் கிராம அதிகாரியை நினைத்து, நான் அவருக்கு விதானையார் என்று பெயர் வைத்தேன்.

ஆனால் விதானையார் நல்ல மனுசன். பின்னேரம் வந்து என்னைக் கையோடு கூட்டிப்போய் மேசையில் இருத்தினார். நடுவில் அடுப்பு, அதன்மேல் சட்டி, சட்டி நிறைய உருகிய சீஸ். நீண்ட முள்ளுக்கரண்டியில் பாண் துண்டைக் குத்தி அதற்குள் தோய்த்துச் சாப்பிட வேண்டும். என் துண்டு விழுந்துவிட்டது. தேடப் போன கரண்டியில் விதானையாரின் துண்டு வந்தது. பாண் விழுத்தினவன் பாட்டுப் பாட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டமாம். பஸ்ஸில் வேண்டாம் என்றார்கள், இங்கே கட்டாயம் என்கிறார்கள். பாடினேன். விதானையாரின் மனைவி அழுதுவிட்டார். சிரித்து.

சனிக்கிழமை, வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். கூட்டி வந்தவர் வீட்டுத் தரகர். அங்கே மாக்லர் என்பார்கள். நெட்டையான சுவிஸ்காரர். வந்ததும் மூக்கைச் சுளித்து எல்லா யன்னலையும் திறந்தார். நான் முதல்நாள் பொரித்த மீனின் மணம் அவருக்கு முன்னால் ஒவ்வொரு அறையாக ஓடி ஒளித்தது. "வீடு ஒன்றுமே மணக்கக் கூடாது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்கள் ஒன்றும் பேசவும் கூடாது." என் தொழிலே போய்விட்டது. கோப்பி ஊற்றும் வேலை தந்தார்கள்.

சனிக்கிழமை வேலை இல்லை என்பதால் அத்தானும் வந்திருந்தார், நல்ல சட்டை போட்டு, தலை இழுத்து.

முதலில் ஒரு இளம் சோடி. அந்தப் பெண் குசினியைப் பார்த்ததும் கையைத் தட்டி, "ஷூன்!" என்றாள். வடிவு என்று அர்த்தம், அந்தச் சொல் மட்டும் எனக்குத் தெரியும். நான் மனதுக்குள் வீட்டை விற்றுவிட்டேன். அப்போது அத்தான் முன்னால் வந்து, கையை விசிறி, சுவிஸ் ஜெர்மனில் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. மாடிக்குப் போனார்கள். புருஷன்காரன் "ஷூன்" என்றான். அத்தான் முகட்டைக் காட்டினார். அவன் முகமும் சுருங்கியது. கை கொடுத்து, நன்றி சொல்லி, காருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

பிறகு இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம். அதே கதை. "ஷூன்" என்பார்கள், அத்தான் வாய் திறப்பார், வந்த ஆட்கள் கழன்றுவிடுவார்கள்.

அத்தான் வெளியே வந்தவர்களை வழியனுப்பப் போன நேரம், தரகரைக் குசினிக்குள் மறித்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்: "அத்தான் வாட் டெல்லிங்?"

தரகர் கோப்பியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "உங்கள் அத்தானுக்கு இந்த வீட்டை விற்க விருப்பமா, இல்லையா?"

"வெரி விருப்பம்."

"அந்தப் பெண் சமையலறை அழகு என்றாள். அவர், இல்லை, இது பழசு, இழுப்பறைகள் இறுகும் என்றார். நான் எல்லா இழுப்பறையையும் இழுத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இறுகாது. மாடி வெளிச்சம் என்றார்கள். கோடையில் அவிந்துபோவீர்கள் என்றார். நிலவறை நல்ல பெரிது என்றார்கள். எலி ஓட நல்ல இடம் என்றார். எலி இருக்கிறதா?"

"நோ எலி."

"பிறகு ஏன்?"

ஏன் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லத்தான் வழியில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் உங்கள் பிள்ளையைப் பார்த்து நல்ல கொழுகொழுவென்று இருக்கிறான் என்றால், தாய்க்காரி உடனே, "எங்க, ஒண்டும் தின்னாது, ஒரே வயித்துக்குத்து" என்று சொல்லியாக வேண்டும். புது மோட்டார் சைக்கிளைப் புகழ்ந்தால், "பெற்றோல் குடிக்குது, சும்மா பேருக்குத்தான்" என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நாவூறு பட்டுவிடும். புகழ்ச்சி வந்தால் கையால் தடுத்து நிலத்தில் போட வேண்டும், அது பழக்கம். அத்தான் இத்தனை வருஷமாக ஜெர்மன் பாஷையிலும் யாழ்ப்பாணத்தைத்தான் கதைக்கிறார். சுவிஸ்காரர் அப்படியில்லை. இழுப்பறை இறுகும் என்று சொன்னால் இறுகும் என்றே நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அன்றிரவு வின்டர்தூரில் சாப்பாட்டு மேசையில் வழக்கை எடுத்தேன்.

"அத்தான், நீங்கள் வீட்டை விக்கிறியளோ, இல்லாட்டி வீட்டுக்கு எதிரா சாட்சி சொல்லுறியளோ?"

"என்னடா கதைக்கிறாய்?"

"எலி ஓட நல்ல இடம் எண்டு சொன்னனியளாம்."

அத்தான் புட்டைப் பிசைந்துகொண்டே, "அவை வாய் நிறைய வடிவு, வடிவு எண்டு சொல்லினம். நான் என்ன, ஓம் ஓம் எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறதோ? விக்கிற நேரம் கண் பட்டால் பிறகு ஆரடா வாங்குவினம்?"

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "ஏனப்பா, வெள்ளைக்காரரின்ர கண்ணும் படுமோ?"

"நீலக் கண்ணடி அது! இன்னும் கெதியாப் படும்."

நான் சிரித்துப் புரைக்கேறி, அக்கா என் தலையில் தட்டினாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, எண்ணெய்த் தாங்கி நிரப்புறதுக்கு முன்னம் இது முடிய வேணும். இனி ஆக்கள் வீடு பார்க்க வந்தால் நீங்கள் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. சீலன் பாக்கட்டும்."

அத்தான் தன் கையைப் பார்த்தார், பிறகு, "சரி" என்றார். நானோ தலைமைப் பதவி கிடைத்த மாதிரி இன்னொரு அகப்பை புட்டுப் போட்டேன்.

அந்தக் கிழமை குளிர் இறங்கத் தொடங்கியது. காலையில் புல்லில் வெள்ளையாக ஒரு படலம். அரிசி மாவைத் தூவின மாதிரி இருந்தது. நான் மூன்று சட்டை போட்டுக்கொண்டு படுத்தேன். எண்ணெயை மிச்சம் பிடிக்க வெப்பத்தைக் கடைசி மட்டத்துக்குக் குறைத்து வைத்திருந்தேன். தாங்கியில் தட்டிப் பார்த்தால் கோயில் மணி மாதிரி வெறுமையாகச் சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமை தரகர் போன் எடுத்தார். பாசலில் மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு இந்தியச் சோடி, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியுமாம். தரகர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டார். "அவர்களும் உங்கள் மொழிதான் பேசுகிறார்கள். நீங்களே காட்டுங்கள்," என்றார். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அத்தானுக்கு சூரிச்சில் தும்புத்தடி. எல்லாம் என் கையில்.

வந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர். புருஷன் கார்த்திக், பெண்சாதி நித்யா. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என் வாய்க் கடையைத் திறந்தேன்.

"வாங்கோ, வாங்கோ! இப்பிடி ஒரு வீடு பாசலில இல்லை. சுவிஸிலயே இல்லை. குசினியைப் பாருங்கோ, பிரான்ஸைப் பாத்துக்கொண்டு தோசை சுடலாம்!"

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார் கார்த்திக்.

"நல்லாவோ? அரண்மனை! சுவர் எல்லாம் கல்லு. நூறு வருஷத்துக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. காத்து, வெளிச்சம், அயலட்டை எல்லாம் முதல்தரம்!"

நித்யா மெதுவாகக் கேட்டாள். "இவ்ளோ நல்ல வீடுன்னா, ஏன் தம்பி விக்கிறாங்க?"

நான் தயங்கவில்லை. போன் கடையில் இந்தக் கேள்வி நாள்தோறும் வரும். "அவைக்கு இதைவிடப் பெரிய வீடு வந்திட்டுது, அதுதான்!" வின்டர்தூர் பிளாட்டில் இரண்டு பேர் திரும்பினால் ஒருத்தர் யன்னலால் விழவேண்டும், அது வேறு கதை.

கோப்பி போட உள்ளே போனேன். வெறும் வீடு எதையும் மறைக்காது. அவர்கள் மாடியில் கிசுகிசுத்தது கீழே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னங்க, இந்தப் பையன் ஓவரா பேசறான். ஏதோ மறைக்கறாங்க."

"எனக்கும் அப்படித்தான் படுது. வசந்த காலத்துல இருந்து காலியா கிடக்குதுன்னு போட்டிருந்துச்சு. யாராவது செத்துகித்துப் போயிருப்பாங்களோ?"

எங்கள் ஆட்கள் அதிகம் புகழ்ந்தால் சந்தேகப்படுவார்கள் என்பதை எப்படி மறந்தேன்? கடையில் நானே இன்னொரு கடைக்காரன் போனைப் புகழ்ந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன்.

என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு நிற்கும்போது வாசல் கதவு திறந்தது. அத்தான்! துப்பரவு வேலைச் சட்டையோடு, மூச்சு வாங்க நின்றார். வேலையைப் பாதியில் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"அத்தான், அக்கா கொல்லப்போறா," என்று காதுக்குள் சொன்னேன்.

"மனம் கேக்கேல்லையடா. நான் கதைக்கமாட்டன். ஒரு மூலையில நிக்கிறன்."

நித்யா கணவனோடு படியால் இறங்கி வந்தாள். இவர்தான் வீட்டுக்காரர் என்றேன். மரியாதைக்கு அவள், "வணக்கங்க. கிச்சன் ரொம்ப அழகா இருக்குதுங்க," என்றாள்.

மூலையில் நிற்கிறேன் என்ற மனுசன் நடுவுக்கு வந்துவிட்டார்.

"எங்க பிள்ளை! பழைய குசினி. என்ர மனுசி இதுக்குள்ள நிண்டு ஐம்பது பேருக்குச் சமைச்சுச் சமைச்சு அவவின்ர வாழ்க்கையே முடிஞ்சுது."

நான் அவருக்குப் பின்னால் நின்று கை காட்டினேன், கண் காட்டினேன், கழுத்தை அறுக்கிற மாதிரிக் காட்டினேன். அவர் நிறுத்தினால்தானே.

"ஐம்பது பேருங்களா?" என்றார் கார்த்திக்.

"பிறந்தநாள் அது இது எண்டு ஆக்கள் வந்துகொண்டே இருப்பினம். உந்த அப்பிள் மரம், சும்மா தரித்திரம். காய்ச்சுக் கொட்டும், பொறுக்கி அள்ளி அயலுக்கெல்லாம் குடுத்து இடுப்பு முறிஞ்சு போகும். மேல மூலை அறை ஒரு அறையே இல்லை. மகள் அதுக்குள்ள இருந்துதான் படிச்சவள்."

"மகள் என்ன பண்றாங்க?"

"என்னத்தைப் படிக்கிறாள், ஏதோ டொக்டருக்கு எண்டு பேர்ண் பக்கம் போயிருக்கிறாள்."

நித்யாவின் முகத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை வந்த முகங்கள் சுருங்கின மாதிரி இல்லை. ஒவ்வொரு குறைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. அவள் கணவன் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "எங்கப்பா நம்ம வீட்டப் பத்தி பேசற மாதிரியே பேசறாருங்க. ராசியான வீடு."

பிறகு நேரே கேட்டாள். "அப்புறம் ஏனுங்கண்ணா விக்கிறீங்க?"

அத்தானின் கை, சட்டையில் இருந்த ஈரத்தைத் துடைத்தது. இந்த முறை குறையும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

"வேலை ரெண்டு பேருக்கும் வின்டர்தூரில, பிள்ளை. வீடு சும்மா நிண்டு தின்னுது. அதுக்கு உழைக்க ஞாயிற்றுக்கிழமையிலயும் கந்தோர் துடைக்கிறன், இப்பவும் அங்க இருந்துதான் வாறன். குளிர் வந்தால் கீழ எண்ணெயும் நிரப்ப வேணும். எனக்கு ஏலாதம்மா."

நான் அவருக்கும் ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

கார்த்திக் தொண்டையைச் செருமினார். அவரும் எங்கள் ஆள்தானே. "அண்ணா, நீங்களே இவ்ளோ குறை சொல்றீங்க. அப்ப விலையக் கொஞ்சம் பார்த்துப் போடலாமுங்களே?"

அத்தான் துள்ளி நிமிர்ந்தார். "குறையோ? என்ன குறை? தம்பி, கல்லுச் சுவர் இது! கூரை மாத்தி எவ்வளவு காலமாச்சு, ஒரு துளி ஒழுகினதில்லை. இழுப்பறையை இழுத்துப் பாருங்கோ, வெண்ணெய் மாதிரி வரும்!"

நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கார்த்திக் சிரித்தார். அத்தானுக்குத் தான் சொன்னது காதில் விழ, அவரும் சிரித்தார். நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சிரித்து, கதிரை சரிந்து விழுந்தேன். விலை அப்படியே நின்றது. எண்ணெயைத் தாங்களே நிரப்பிக்கொள்வதாக அவர்கள் சொன்னார்கள்.

திங்கள் காலை தரகருக்குப் போன் எடுத்தேன். "அத்தான் கம். அத்தான் டெல்லிங் ஹவுஸ் பேட். தே ஆர் ஹேப்பி." அவர் அதை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

பத்திரம் எழுதுகிற நாள், நித்யாவின் அம்மா கோயம்புத்தூரிலிருந்து நல்ல நேரம் பார்த்துச் சொல்ல, அக்கா வின்டர்தூரிலிருந்து இன்னொரு நல்ல நேரம் பார்த்துச் சொல்ல, இரண்டும் சேர்கிற ஒரு சின்ன இடுக்கில் நோட்டார் இடம் பிடித்துக் கொடுத்தார். நோட்டார் என்றால் பத்திரம் முடிக்கிற அதிகாரி. முழுப் பத்திரத்தையும் எல்லாருக்கும் முன்னால் உரக்க வாசித்தார், ஒரு சொல் விடாமல், மூச்சும் விடாமல். எங்கள் கோயிலில் ஐயர் இவ்வளவு வேகமாக மந்திரம் சொன்னால் தட்சணை குறைப்பார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டு முடிந்ததும் எல்லாரும் எழுந்து எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நானும் ஏதோ விற்றவன் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்த அன்று அவர்கள் அடுப்பில் பால் காய்ச்சினார்கள். பொங்கியது. விதானையாரும் மனைவியும் வேலிச் செடிக்கு மேலால் பார்த்து, ஏதோ தீப்பிடிக்கிறது என்று ஓடி வந்து, பால் குடித்துவிட்டுப் போனார்கள்.

திரும்பிப் போகும்போது தபால் பஸ்ஸில் அத்தான் யன்னலோரம் இருந்தார். வளைவில் கூரை மறைந்ததும் என் முழங்காலில் தட்டினார்.

"நல்ல வீடடா அது."

"என்ன?"

"அந்தக் குசினி மாதிரி ஒரு குசினி வராது. அப்பிள் என்ன மாதிரி இனிக்கும் தெரியுமோ? மேல் மூலை அறையில பின்னேர வெயில் விழும், பொன் மாதிரி."

பஸ்ஸில் சொன்னார், டிராமில் சொன்னார். ரயிலில், கண்ணாடியில் உதட்டில் விரல் வைத்த படம் ஒட்டியிருந்த பெட்டியில் இருந்தும் சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இனி அது எங்கள் வீடில்லை. ஆர் கண் பட்டால் என்ன?

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் வின்டர்தூரில் நின்றேன். வெளியில் பனி கொட்டியது. அக்கா அடுப்பில் மீன் குழம்பு வைத்திருந்தாள். காலை எட்டு மணிபோல அத்தானின் போன் அடித்தது. துப்பரவு வேலை மேற்பார்வையாளர். யாருக்கோ சுகமில்லையாம், வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அறைக் கதவு திறந்திருந்தது. போர்வைக்குள் இருந்து அத்தானின் குரல் கேட்டது. ஜெர்மனில் ஒரே ஒரு வசனம். அதற்குள் அவ்வளவு ஜெர்மன் எனக்கும் விளங்கும்.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை."

போனை வைத்துவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

அக்கா அடுப்பைக் குறைத்தாள். நான் வாயைத் திறக்க, அகப்பையை ஓங்கினாள். மூடிக்கொண்டேன். மத்தியானம் தாண்டித்தான் அத்தான் எழும்பி வந்தார். ஒரு பக்கத் தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்க, குசினி வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"இப்ப என்ன நேரம்?"

அக்கா சுவர் மணிக்கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆருக்குத் தெரியும்? முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ, குழம்பு ஆறுது."